பாய்லர் இழுத்த இழுப்பு

டெனிஸ் ஹார்க்கரின் நாலாவது எல்.பி. ரெக்கார்டை டீக்கடை பாய்லர் மேல் வைத்தவன் நான்தான். கப்பலிலிருந்து அப்போதுதான் இறங்கிய தட்டு. உறையின் முதுகில் அவருடைய வரலாறு பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. அதை ராயபுரத்து ஜனங்களுக்கு உரக்கப் படித்துக் காட்ட எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. தட்டை எங்காவது வைத்துத்தானே ஆக வேண்டும்.

ஹார்க்கர், வட இங்கிலாந்துத் துறைமுகம் ஒன்றில் மூட்டை தூக்கியவரின் மகன். ரேடியோவில் அமெரிக்க ப்ளூஸ் பாட்டு கேட்டுக் கேட்டே கிடார் பழகியவர். ஒரு பேண்டில் சேருவார், அதற்குப் பேர் வரும், உடனே விலகிவிடுவார். மூன்றாவது பேண்டையும் உதறிவிட்டுத் தனியாக, ஒரே பகலில் பதிவு செய்ததுதான் இந்தத் தட்டு. இந்த இடத்துக்கு வந்தபோது கடைக்காரர் வெள்ளத்துரை குறுக்கிட்டார்.

"நைனா, உன் வெள்ளக்காரன் அப்பளம் ஆயிக்கினு கீறான் பாரு."

பாய்லர் சூட்டில் நெளிந்துபோன தட்டை அன்றைக்கே ஹென்றி வீட்டுக்குக் கொண்டுபோய் நடந்ததைச் சொன்னேன். ஹென்றி ரயில்வே லோகோ ஷெட்டில் ஃபிட்டர், எங்கள் பேண்டின் லீட் கிடார். நான் ரிதம் கிடார்; அதாவது அவன் வாசிக்கும்போது பக்கத்தில் நிற்பவன். துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலையில் இருப்பதால், கப்பல்காரர்களிடம் தாஜா பண்ணி ரெக்கார்டு வாங்கி வருவதும் நான்தான். அதனால்தான் என்னைப் பேண்டில் வைத்திருக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. பேச்சைக் கிளப்பியது எங்கள் பாடகி, ஹென்றியின் தங்கை டோரதி.

ரயில்வே மன்றத்துப் பேண்டுப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. ஜெயிக்கிற பேண்டுக்கு மாலுமிகள் கிளப்பில் சனிக்கிழமைதோறும் வாசிக்கிற வாய்ப்பு. அதற்காக ஹென்றி கேட்டு வாங்கிய தட்டு இது. அதைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, தண்டவாளத்தில் கோணல் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"ஹென்றி, நான் பேண்டுல கீறனா, இல்லியா?"

"மொதல்ல அந்த தையல் மிஷின தூக்கு."

மிஷினையும் குடும்ப பைபிளையும் தட்டின் மேல் ஏற்றிவைத்தோம். ஓரளவு படிந்தது. போட்டுப் பார்த்தால், முள் அலையில் மாட்டிய கட்டுமரம்போல ஏறி இறங்க, சுரமும் கூடவே ஏறி இறங்கியது. சினிமாப் பாட்டென்றால் கோளாறு எது என்று உடனே தெரிந்துவிடும். இதுவோ ப்ளூஸ். தந்தியை விரலால் தள்ளிச் சுரத்தை வளைப்பதுதான் அந்த மனுஷனின் பிழைப்பே.

"இதுல எது அவன் இழுத்தது, எது பாய்லர் இழுத்தது?" என்றான் ஹென்றி.

"மூணாவது எல்.பி.லயும் இப்டிதான் இழுப்பாரு."

"அத்த எங்க வெச்சிருந்த, கஸ்பாரு?"

"அலமாரிலதான்."

"அலமாரி எங்க கீது, அடுப்பு மேலயா?" என்றாள் டோரதி.

ஹென்றி தலையைச் சொறிந்துகொண்டு நெடுநேரம் கேட்டான். கடைசியில், "பிரிக்க முடியாது. எல்லாத்தையும் வாசிச்சிடலாம்" என்றான். நான் பழைய கேள்வியைத் திரும்பக் கேட்டேன். அவன் தந்தியை முறுக்கிக்கொண்டிருந்தான்.

போட்டியன்று பெரம்பூர் பேண்டுக்காரர்கள் முதலில் ஏறினார்கள். அவர்களிடமும் அதே தட்டு, பாய்லர் பார்க்காத தட்டு. அதே பாட்டை அச்சுப் பிசகாமல் வாசித்தார்கள். ஹென்றி தோற்றால் அது என்னால்தான். அதற்கப்புறம் கேள்வி கேட்கக்கூட எனக்கு வாய் இருக்காது.

எங்கள் முறை வந்தது. இறங்கு என்று யாரும் சொல்லாததால் நானும் மேடையில் நின்றேன். டோரதி பாடி நிறுத்த, ஹென்றி தந்தியைத் தள்ள ஆரம்பித்தான். சுரம் மேலே போனது, போய்க்கொண்டே இருந்தது, அறுந்துவிடும் என்று நினைத்த இடத்தில் ஆடி ஆடிக் கீழே வந்தது. பின்வரிசையில் ஷெட் ஆட்கள் பெஞ்சு மேல் ஏறிவிட்டார்கள். பெரம்பூர்க்காரர்களே விசிலடித்தார்கள். நான் என் மூன்று கார்டு சுரக்கூட்டுகளையும் தப்பில்லாமல் வாசித்தேன் என்பதையும் வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

ஜெயித்தோம். நடுவராக வந்திருந்த இங்கிலீஷ் கப்பல் இன்ஜினியர் மேடைக்குப் பின்னால் வந்தார். ஹார்க்கர் வாசித்ததை அவருடைய ஊர் பாரிலேயே கேட்டிருக்கிறாராம். "அவர்கூட இந்தப் பாட்டை இவ்வளவு இழுத்ததில்லை. யாரிடம் கற்றீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஹென்றி கட்டைவிரலால் என்னைக் காட்டினான். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் தோள்பட்டை இறங்கியது. டோரதி சுவர் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

அவர் போனதும் கேட்டேன். "இப்பவாச்சும் சொல்லு ஹென்றி. நான் பேண்டுல கீறனா, இல்லியா?"

அவன் கிடாரைப் பெட்டியில் வைத்து மூடினான். என்னை நேராகப் பார்த்தான்.

"கீற. நீ வாசிக்கிறது சுமார்தான் கஸ்பாரு. ஆனா நீ பக்கத்துல நிக்கலன்னா எனக்கு கை ஓடாது."