பேசாத தமக்கை

கிழக்கு வெளுத்தும் வெளுக்காததுமான விடியற்பொழுது. உறங்கும் மகவின்மேல் தாய் போர்த்திய மெல்லாடை போல வெண்பனி ஆற்றுநீரை மூடியும் மூடாமலும் கிடந்தது. கரையை ஒட்டி வளைந்து சென்ற தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. அடுப்புப் புகை கூரைகளைத் தழுவி எழுந்து, எழுந்த இடத்திலேயே தயங்கி நின்று, பின் காற்றோடு கலந்தது. மேட்டின்மேல் சிலுவை தாங்கி நின்ற சிறு கோயிலின் மணி, இருமுறை ஒலித்துத் தன் குரலுக்குத் தானே நாணியதுபோல் அடங்கியது. அத்தெருவின் கடைக்கோடியில், முன்புறம் வீடும் பின்புறம் பட்டறையுமாக அமைந்திருந்தது சாயக்காரர் மனை. நீலமும் செம்மையும் ஊறிய கொப்பரைகளும், நனைந்த நூற்கற்றைகளின் கனத்தால் வளைந்த கழிகளும், சாயம் தோய்ந்த நூலை அலசுவதற்கென்று நீர் தேக்கிய ஆழ்ந்த கற்றொட்டியும் அங்கே இருந்தன. தொட்டியின்மேல் இப்போது கனத்த பலகைகள் அறையப்பட்டிருந்தன. அவை ஏன் அறையப்பட்டன என்று அத்தெருவில் எவரும் வினவுவதில்லை, எல்லாரும் அறிவர்.

அம்மனையில் மூவர் வாழ்ந்தனர்: சாயக்காரர், அவர் மனைவி, அவளுடைய தங்கை. பெற்றோர் அடுத்தடுத்து மறைந்தபின், பால்மணம் மாறாத தங்கையை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் தமக்கையே. மணமாகிக் கணவன் வீடு புகுந்த அன்றும் அவள் கொண்டுவந்த சீர் அத்தங்கை ஒருத்திதான். ஓயாது கீச்சிடும் இயல்பால் அவளைச் ‘சிட்டு’ என்றே ஊரார் அழைத்தனர். தெருவில் போகும் பூனையிடமும் நலம் கேட்பாள். கொதிக்கும் கொப்பரையோடும் வழக்காடுவாள். “இவ வாய மூடினா எனக்குக் காது வலிக்குது” என்று சாயக்காரர் நகைப்பார். தமக்கையோ, தன் நூலே நல்ல நிறம் ஏறியதுபோல் பெருமிதத்தோடு அவளை நோக்குவாள்.

நெடுநாள் வேண்டித் தவமிருந்த பின், தமக்கைக்கு ஒரு பெண்மகவு பிறந்தது. அக்குழவி தளர்நடை பயின்ற பருவத்தில்தான் அவ்வீட்டின் வானம் இடிந்து விழுந்தது. வேலை மிகுந்த ஒரு நண்பகலில், தமக்கை பட்டறையில் நின்றாள். சிட்டு குழந்தையை உறங்கவைத்துவிட்டு, வாசலுக்கு வந்த நூல்காரியோடு பேச்சில் ஆழ்ந்தாள். விழித்த குழந்தை யாரையும் அழைக்கவில்லை. பின்கட்டுக்கும் தொட்டிக்கும் இடையில் இருந்த மரப்படல் கொக்கியின்றித் திறந்து கிடந்தது. சற்றுப் பொழுதில் சாயக்காரர் எழுப்பிய ஓலம் ஆற்றின் அக்கரைவரை கேட்டது என்பர்.

நீர் சொட்டும் சிற்றுடலை மடியில் ஏந்தியிருந்த தமக்கை, ஓடிவந்து நின்ற தங்கையை நிமிர்ந்து நோக்கினாள். “நீதாண்டி என் புள்ளையக் கொன்னே!” என்றாள். சிட்டு வாய் திறந்தாள். அவள் கண்கள் படலின்மேல் சென்றன. அங்கிருந்து தமக்கையின் முகத்துக்கு மீண்டன. அங்கேயே நெடிது நின்றன. பிறகு, “ஆமாக்கா. என் தப்புதான்” என்றாள்.

அன்றோடு தமக்கை தங்கையிடம் பேசுவதை விட்டாள்.

வெளியே போ என்று அவள் விரட்டவில்லை; அடிக்கவில்லை; வசைபாடவும் இல்லை. ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கூரையின்கீழ் உறங்கி, ஒரே கொப்பரையில் இருபுறமும் நின்று நூல் தோய்த்த அவ்விருவர்க்கும் இடையே, கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்று ஆண்டுதோறும் ஒவ்வொரு வரிசையாய் உயர்ந்தது. உணவு ஆயிற்று என்பதைக் கணவரிடம் உரைப்பாள். அவர் இல்லாவிடில் சுவரிடம் உரைப்பாள். சிட்டின் கீச்சொலியும் அன்றே நின்றுபோயிற்று. அவளைப் பெண்கேட்டு வந்தவர்கள், தெருமுனையில் நிகழ்ந்ததைக் கேட்டறிந்து, வந்த வழியே திரும்பினர். ‘பிள்ளையைத் தொலைத்தவள்’ என்னும் பெயர் அவளுக்கு முன்னால் நடந்து சென்று எல்லா வாசல்களையும் சாத்தியது.

ஞாயிறுதோறும் மூவரும் கோயிலுக்குச் சென்றனர். ஒரே விசிப்பலகையில் அமர்ந்தனர். அக்காள் தங்கையர் இருவர்க்கும் இடையில் ஒரு குழந்தை அமரும் அளவு இடம் எப்போதும் வெறிதே கிடந்தது. ‘பிறர் எமக்குச் செய்த பிழையை நாங்கள் பொறுப்பதுபோல்’ என்று சபையார் ஒரே குரலில் வேண்டும் இடம் வந்ததும், ஏனைய வரிகளையெல்லாம் உரக்கச் சொல்லிவந்த தமக்கையின் உதடுகள் ஒட்டிக்கொள்ளும். அதனைக் கண்டிருந்த சபையின் முதிய ஆயர் ஒருநாள் பட்டறைக்கே வந்தார்.

“மனசார மன்னிக்க முடியலன்னாகூட இருக்கட்டும்மா. ஒரு வார்த்தை பேசுங்க. மிச்சத்தைக் கடவுள் பாத்துக்குவார்.”

“கடவுள் மன்னிக்கட்டும் அய்யா, அவருக்கு அதுதான் வேலை. எனக்கு இங்க நூல் காயப்போடுற வேலை கிடக்கு” என்றாள் அவள், கழியிலிருந்து கண்ணை எடுக்காமலே. ஆயர் பெருமூச்செறிந்து சென்றார். நூற்கற்றைகளுக்கு அப்பால் நின்ற சிட்டு, கேட்டும் கேளாதவள்போல் நீலத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

ஆண்டுகள் உருண்டன. ஈரத்திலும் புகையிலும் நின்று நின்று சிட்டின் நெஞ்சில் இருமல் குடிபுகுந்தது. குடிபுகுந்த இருமல் அவளை வற்றிய கொடிபோல் ஆக்கிப் படுக்கையில் கிடத்தியது. நுரையீரல் இரண்டும் நைந்துவிட்டன என்று மருத்துவர் உரைத்தார். “மருந்து வலியக் குறைக்கும். நீங்க கூட இருங்க, அவ்வளவுதான்” என்று கூறி அவர் விடைபெற்ற நாள்முதல், தமக்கை பட்டறைப் பக்கமே செல்லவில்லை. உடல் துடைத்தாள், துணி மாற்றினாள், கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊட்டினாள். பெற்ற தாயும் செய்தற்கரிய பணிவிடை அனைத்தும் செய்தாள். வாய் மட்டும் திறந்திலள். கைகள் கனிந்தபின்னும் நா கனியாதிருந்த அப்பெண்ணின் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதை, அன்பரே, அவளையன்றி இறைவன் ஒருவனே அறிந்திருந்தான். அவ்வாறே அவள் எண்ணியிருந்தாள்.

மழை விடாது பொழிந்த ஒரு பிற்பகல். சாயக்காரர் நூற்கட்டுகளோடு வெளியே சென்றிருந்தார். காய்ச்சல் முற்றிக் கண்மூடிக் கிடந்த சிட்டின் உதடுகள் அசைந்தன. தண்ணீர் வேண்டுகிறாள் போலும் என்று தமக்கை குனிந்தாள். அவள் செவியில் விழுந்ததோ ஒரு மன்றாட்டு.

“ஆண்டவரே... எங்கக்காவ மன்னிச்சிருங்க. அவ வேணும்னு செய்யல.”

கையிலிருந்த குவளை நழுவி உருண்டது. தமக்கை படுக்கையின் அருகே மண்டியிட்டாள். அத்தனை ஆண்டுகளாய் அடைபட்டிருந்த குரல், துருவேறிய கதவின் முனகலோடு வெளிப்பட்டது.

“என்னடி சொன்னே? சிட்டு... என்ன சொன்னே இப்ப?”

சிட்டு கண் விழித்தாள். அம்முகத்தில் தோன்றியது வியப்பா, உவகையா என்று பிரித்துரைக்கச் சொற்கள் இல்லை. “நீயா அக்கா பேசினே?”

“அந்தப் படலு...” என்றாள் தமக்கை.

“உனக்கு ரெண்டு கையிலயும் ஈர நூலு. படலைக் காலால தள்ளிட்டு உள்ள போனே; கொக்கி போடல. ஜன்னல் வழியா பாத்தேன். போய்ப் போட்டுரலாம்னுதான் எழுந்தேன். அதுக்குள்ள நூல்கார அம்மா கூப்பிட்டாங்க. பேச்சுல மறந்தே போச்சு. அதனால நான் சொன்னதும் முழுப்பொய் இல்லக்கா.”

“தெரிஞ்சுமா ‘ஆமா’ன்னு தலையாட்டினே?”

“நீ பெத்தவ. புள்ளையும் போயி, பழியும் உன் தலையில விழுந்தா, அதே தொட்டியில நீயும் விழுந்திருப்பே. அன்னைக்கு உன் மொகத்துல அதப் பாத்தேன். எனக்கு உன்ன விட்டா யாரு இருக்கா?”

தமக்கை தன் நெற்றியைத் தங்கையின் பாதங்களில் மோதினாள். “எனக்கும் தெரியும்டி! அன்னைக்கே தெரியும். கொக்கிச் சத்தம் கேக்காததும் நெனப்பு இருக்கு. அப்புறம் போட்டுக்கலாம்னு விட்டதும் நெனப்பு இருக்கு. தெரிஞ்சேதான் உன்மேல போட்டேன். உன்ன மன்னிச்சுட்டா, அப்புறம் நான் யார வெறுக்கிறது? என்னைத்தானே வெறுக்கணும்? அதுக்குத் தெம்பில்லாம உன் வாழ்க்கையையே எரிச்சுட்டேனே!”

சிட்டின் எலும்புக் கை மெல்ல எழுந்து அவள் நரைத்த கூந்தலைத் தடவியது. “அழாதக்கா. நான் எப்பவோ மன்னிச்சாச்சு. ஆண்டவரும் மன்னிச்சிருப்பார். நான் தினமும் போய் நச்சரிச்சா அவரால எப்படித் தாங்க முடியும்?” சிரிக்க முயன்றாள், இருமல் இடைமறித்தது. “ஒண்ணே ஒண்ணு செய். பேசு. எதையாவது பேசிட்டே இரு.”

தமக்கை பேசினாள். எதிர்வீட்டுக்காரியின் கோழி கூரையேறிய கதையைப் பேசினாள். மங்கிய விளக்கொளியில் கணவர் சிவப்புக்கும் செந்நீலத்துக்கும் வேறுபாடு தெரியாமல் தடுமாறியதைப் பேசினாள். இடுப்பில் சுமந்த காலத்தில் சிட்டு தன் காதணியைப் பிடித்திழுத்ததைப் பேசினாள். மழை விட்டபின்னும், விளக்கேற்றியபின்னும், மறுநாளும், அதற்கடுத்த நாளும் பேசினாள். கரை உடைந்த ஏரிபோல் அவள் பேசப்பேச, வறண்ட நிலம்போல் தங்கை கேட்டுக் கிடந்தாள். ஒரு காலைப்பொழுதில், தமக்கை ஏதோ சொல்லித் தானே நகைத்து, “கேட்டியாடி?” என்று திரும்பியபோது, கேட்கும் செவி அடங்கியிருந்தது. உதட்டோரத்தில் சிரிப்பின் நிழல் மட்டும் இருந்தது.

கல்லறைத் தோட்டத்தில், பேழையை இறக்குமுன், கூட்டத்தில் ஒருத்தி மற்றொருத்தியிடம், “பாவம், என்ன இருந்தாலும் ஒரு உசுரைத் தொலைச்சவ. இப்பவாவது நிம்மதியா இருக்கட்டும்” என்று முணுமுணுத்தாள். இரக்கத்தால் கூறிய சொல்லே அது. ஆயினும் தமக்கை தலை நிமிர்ந்தாள்.

“அவ தொலைக்கல. படலைத் தொறந்து விட்டது நான். தெரிஞ்சுக்கிட்டே பழிய அவமேல போட்டதும் நான். அவ கூப்பாடு போடாம சுமந்தா. எல்லாரும் கேட்டுக்குங்க.”

அவ்வுண்மையைச் சாயக்காரரும் அப்போதுதான் கேட்டார். அவர் மனைவியை நோக்கவில்லை. சடங்கு முடிந்ததும் தனியே நடந்து சென்று பட்டறைக்குள் புகுந்து, தணிந்த கொப்பரைகளுக்கு நடுவே அமர்ந்துகொண்டார்.

தமக்கை அடுப்பங்கரையில் அமர்ந்திருந்தாள். தான் வளர்த்த பேசாமை இனித் தன்மேலேயே வந்து கவியும் என்றும், அதனை ஏற்பதே முறை என்றும் எண்ணி, அதற்குத் தன்னை ஆயத்தமாக்கிக்கொண்டாள். அந்தி மங்கும் வேளையில் அவர் வந்து நின்றார். அழுது கண்கள் சிவந்திருந்தன.

“அது என் புள்ளையும்தானே...” என்றார். குரல் உடைந்தது. கதவு நிலையை இறுகப் பற்றினார். பிறகு, பிடி தளர்த்தி, அவள் எதிரே தரையில் அமர்ந்தார்.

“காலையிலிருந்து எதாவது சாப்பிட்டியா?”

அவள் இல்லையென்று தலையசைத்தாள். அவரே எழுந்து இரண்டு தட்டுகளை எடுத்துவைத்தார்.

மன்னிப்பு எவ்வளவு தாழ்த்தி வந்தாலும் மன்னிப்பே. அதனை மறுக்கத்தக்க குற்றம் எதுவும் இறையன்பின் முன் இல்லை. ஆயினும், வாங்க மறுத்துக் கழித்த ஆண்டுகளை அது திருப்பித் தருவதில்லை. ஒரு சொல்லுக்காக ஒரு பெண் தன் இளமை முழுதும் காத்திருந்தாள். சொல் வந்தபோது அவளுக்குச் சில நாட்களே எஞ்சியிருந்தன. தனக்காக மன்றாட ஒருத்தி இருந்தாள் என்பதே அத்தமக்கைக்கு எஞ்சிய ஆறுதலாயிற்று. அவ்வொருத்தியின் வாழ்வைத் தான் அறிந்தே எரித்தாள் என்பதே எஞ்சிய துயரும் ஆயிற்று. இரண்டையும் அவள் இறுதிவரை சுமந்தாள். சுமக்கும் வலிமை வேண்டி நாள்தோறும் முழந்தாளிட்டாள். அவ்வலிமை நாள்தோறும் அன்றைக்குப் போதுமான அளவே அருளப்பட்டது.