எரிச்சல், பத்துக்கு ஒன்பது

1
நான் செய்த மொழிபெயர்ப்புப் பிழை ஒன்றிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. மட்டக்களப்பில் ஒரு பல் கிளினிக்கில், நாட்பட்ட வாய் எரிவுக்கு லேசர் ஒளி பிடிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நோயாளி நிரப்பும் படிவத்தைத் தமிழாக்கியவன் நான். ‘எரிச்சல் எவ்வளவு? பூச்சியம் முதல் பத்து வரை’ என்று எழுதினேன். அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

2
வாவியின் மேல் சூரியன் மெல்ல... வேண்டாம். வாவியில் கதை தொடங்கி எனக்கே அலுத்துவிட்டது.

மண்டூர் ஆச்சிப்பிள்ளை அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இரண்டு வருடமாக, கொச்சிக்காய் அரைத்துப் பூசியதுபோல் நாக்கு எரிகிறது. வாயைத் திறந்து பார்த்தால் புண் இல்லை, சிவப்பு இல்லை. இந்த நோயே அப்படித்தான். கணவர் வினாயகமூர்த்திக்கு அது போதும்.

“உனக்கு வாயில ஒண்டும் இல்லகா. எல்லாம் நினைப்பு.”

இதை, கிளினிக்குக்கு வரும் பாதையில்* வைத்து, ஊரே கேட்கும்படி சொல்வார்.

(*பாதை: எங்கள் பக்கத்தில் ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் மிதவை. ‘இல்லகா’வில் வரும் ‘கா’, நெருங்கியவர்களை விளிக்கும் எங்கள் சொல்.)

3
அக்கா கண்ணாடி கொண்டுவர மறப்பார். படிவத்தை வினாயகமூர்த்திதான் வாசிப்பார்.

“எரிச்சல் எவ்வளவுகா?”

அக்கா அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்ப்பார். “ஒன்பது.”

வினாயகமூர்த்தி தன் கையாலேயே எழுதுவார். நான்கு வாரம்: ஒன்பது, ஒன்பது, எட்டு, ஒன்பது. (எட்டு வந்த வாரம் மனிதர் நல்ல மீன் வாங்கிக் கொடுத்திருக்கவேண்டும். விசாரிக்கவில்லை.)

ஐந்தாம் வாரம் டொக்டர் ஆர்த்திகா தாளைப் பார்த்துவிட்டு, “குறையவே இல்லையே அம்மா. இண்டையோட நிப்பாட்டுவம்” என்றார்.

“ஐயோ, நிப்பாட்டாதீங்க! வாய் எவ்வளவோ சுகம். நேத்து உறைப்பான மீன் ஆணம் விட்டுச் சோறு திண்டன்.”

“அப்ப இந்த ஒன்பது?”

“அது இந்த மனிசன்ல உள்ள எரிச்சல்.”

4
இப்படியும் நடக்குமா என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் வாய்க்கு வந்தால் எரிவு என்போம்; எரிச்சல் என்றால் ஆளில் வரும் கோபம். இந்தக் கரையில் பிறந்த எனக்கு அது தெரியும். தாளைக் கண்டதும் மறந்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது.

டொக்டர் சிரித்தார். கதையைச் சிரிப்போடு முடித்திருப்பேன். ஆனால் வினாயகமூர்த்தி விடவில்லை.

“பாத்தியா, வெறும் லைட்டுக்கே எரிவு போயிட்டு. அப்ப ஒண்டும் இருந்திரிக்காது.”

சுகம் வந்தும் அக்காவை நம்ப ஆளில்லை.

5
படிவத்தில் ‘எரிச்சல்’ என்பதை ‘எரிவு’ என்று திருத்த கிளினிக்குக்குப் போனேன். அக்கா தடுத்தார். “எரிச்சலை அழிக்காதீங்க தம்பி. ரெண்டும் இரிக்கட்டும்.”

ஆறாம் வாரம். புதிய படிவம், பேனை வினாயகமூர்த்தியின் கையில்.

“எரிவு?”

“ரெண்டு.”

அடுத்த வரி, எரிச்சல். அது யாருக்கான எண் என்று இப்போது அவருக்குத் தெரியும்.

முடிவு ஒன்று: வினாயகமூர்த்தி மன்னிப்புக் கேட்க, அக்கா பூச்சியம்... கிழித்தேன். அவர் அப்படிப்பட்ட ஆளில்லை.

முடிவு இரண்டு: மீண்டும் ஒன்பது. திரும்பும் பாதையில் ஆளுக்கொரு மூலையில்... இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

டொக்டர் சொல்லி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வினாயகமூர்த்தி அந்த வரியை நிரப்பாமல் பேனையை இறக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ரெண்டு வருசமும் எரிஞ்சதாகா?” என்று கேட்டார்.

“ஓம்.”

யாருடைய வலியையாவது பார்த்து ‘ஒன்றும் இல்லை’ என்று நீங்கள் சொன்னதுண்டா? நான் சொல்லியிருக்கிறேன். அதனால் என்னால் இந்த எண்ணைப் போட முடியவில்லை. பேனையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

எரிச்சல்: ______