செயில்கானின் சாவு வீடு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்னவன் குதிரை நொண்டிப்போகட்டும்.

நாரின் என்னும் ஆற்றின் கரையில் ஒரு காலை. செயில்கான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கணவர் தொக்தோர்பாய் பதிவு அலுவலகத்திலிருந்து கைப்பேசியில் வந்ததை உரக்கப் படித்தார்: "உங்கள் மனைவியின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபம்."

"செத்தவ ஊத்துன டீயாச்சே, குடிக்கலாமா?" என்றார்.

"குடி. எனக்குத் துணைக்கு ஆள் வேணும்."

அந்தச் சிரிப்பு மருந்துக்கடை வரைக்கும்தான் தாங்கியது. "செத்தவங்க அடையாள எண்ணுக்கு இன்சுலின் தர விடமாட்டேங்குதுக்கா. காசு குடுத்தாலும் அதே கதைதான்," என்று கடைப்பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். வீட்டில் ஆறு நாள் மருந்து இருந்தது.

பதிவு அலுவலக எழுத்தர் கையை விரித்தார். "கம்ப்யூட்டர் எங்க கையில இல்லக்கா. ஒப்பந்தம் எடுத்த கம்பெனி நடத்துது. எதிர்க் கட்டடம்."

எதிர்க் கட்டடத்து மேலாளர் எர்மெக், "சாவு, பிறப்பெல்லாம் பதிவு அலுவலகத்து வேலை. புகார் குடுங்க, உயிரோட இருக்குற எண்ணுல," என்றார்.

"நான்தான் எதிர்ல நிக்கிறேனே!"

"நிக்கிறீங்க. ஒப்பந்தத்துல அதுக்கு எடமில்ல."

நான்கு நாள் தெருவைக் குறுக்கே கடந்து கடந்து கால் ஓய்ந்தது. ஊசியின் அளவைப் பாதியாக்கினாள்; கண் இருட்டியது. ஐந்தாம் நாள் கம்பெனி வாசலிலேயே துக்கக் கூடாரம் போடக் கணவரிடம் சொன்னாள். துக்கக் கூடாரத்தை அழாமல் தாண்டுகிறவன் அந்த ஊரில் மனிதனே இல்லை. உள்ளே, துக்க வீட்டுப் பெண்கள் வழக்கப்படி கூடாரச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனக்குத்தானே ஒப்பாரி வைத்தாள்:

"மல சரிஞ்சு சாகலியே, மாரடைச்சுச் சாகலியே, மகராசன் ஒப்பந்தத்துல மாண்டுபோனேனே!"

குதிரையில் போனவர்கள் இறங்கி அழுதார்கள். எழுத்தர் அலறிக்கொண்டே ஓடிவந்தார். குதிரைகளும் அழுதன. வெயில் காலத்தில் ஆறு ஒரு முழம் ஏறியது. வேறு வழியில்லாமல் எர்மெக்கும் அழுதபடி நுழைந்தார்.

"கொன்னது யாருன்னு சொல்லிட்டு அழு தம்பி," என்றாள் செயில்கான்.

அவர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் அவரைப் பார்த்தார். ஊரே இருவரையும் பார்த்தது. கடைசியில் எர்மெக் எழுதிக் கையெழுத்திட்டார்: பிழை எங்களுடையது, பத்து வேலை நாளில் திருத்துவோம்.

சொன்ன சொல் தவறவில்லை. பத்தாம் நாள் திருத்திவிட்டார்கள், இறந்த தேதியை மட்டும்.