ஏறிய எண்

எலும்பு அடர்த்தி பார்க்கும் அறைக்குள் அண்ணி நுழைந்ததுமே, ஸ்கேன் எடுக்கிற நாத்தனார் அவளையே உற்றுப் பார்த்தாள். போன வருஷம் நேருக்கு நேர் பார்த்த முகத்தை இப்போது சற்றுக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

“ஏன்டி அப்படிப் பாக்குற? இடுப்புதான் கொஞ்சம் பிடிச்சிக்கிச்சு. எண்ணு இன்னும் ஏறியிருக்கும் பாரு” என்றாள் அண்ணி, ஸ்கேன் மேஜையில் மெல்லப் படுத்தபடி.

அண்ணிக்கு அறுபத்தாறு வயது. எலும்பு தேய்கிறது என்று டாக்டர் வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அது நெஞ்சைக் கரிக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே விழுங்கியவள், கூடவே மூலிகைக் கேப்ஸ்யூலும் ஆரம்பித்தாள். டப்பா மேல் ஒரு கிழவர் மூச்சு வாங்காமல் மலையேறிக்கொண்டிருப்பார். போன வருஷ ஸ்கேனில் முதுகெலும்பின் அடர்த்தி எண் கூடியிருந்தது. நல்ல சேதியை முதலில் சொல்கிற ஆள் தானாகத்தான் இருக்க வேண்டும் என்று நாத்தனாருக்குத் தலைகால் புரியாத அவசரம். ரிப்போர்ட் டாக்டருக்குப் போகுமுன்பே போனைப் போட்டுவிட்டாள். அண்ணி கேப்ஸ்யூலுக்குக் கும்பிடு போட்டு, டாக்டரையும் அவர் மாத்திரையையும் தலைமுழுகினாள். நம்ம வீட்டு ஆளே சொன்ன பிறகு டாக்டர் எதற்காம்!

இயந்திரத்தின் கை அண்ணியின் மேல் ஊர்ந்து முடித்தது. எண் மறுபடி ஏறித்தான் இருந்தது. இந்தத் தடவை நாத்தனார் படத்தையும் பார்த்தாள். இடுப்புக்கு மேலே இரண்டு எலும்புகள், ஆள் உட்கார்ந்து எழுந்த தலையணை போல அமுங்கிக் கிடந்தன. நொறுங்கி நெருங்கிய எலும்பு இயந்திரத்துக்கு அடர்த்தியாகத்தான் தெரியும். படத்தைப் பார்க்காமல் எண்ணைப் பார்க்காதே என்று, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தலையில் குட்டிச் சொல்லியிருந்தார்கள்.

போன வருஷப் படத்தைத் திறந்தாள். அன்றைக்கே ஒன்று அமுங்கியிருந்தது.

அழுகை வரவில்லை. கை மரத்துப்போய் மவுஸ் மேல் கிடந்தது. அவமானம்கூட யாருக்கோ நடப்பது போலத்தான் இருந்தது.

“என்ன, ஏறியிருக்கா?”

“ஏறியிருக்கு அண்ணி. ஆனா அது எலும்பு நொறுங்கினதால ஏறினது. கேப்ஸ்யூலால இல்ல. போன வருஷமே ஒண்ணு நொறுங்கியிருக்கு.”

அண்ணி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு நீ படத்தைப் பாத்தியா?”

“பாக்கல அண்ணி.”

“அன்னிக்கே தெரிஞ்சிருந்தா மாத்திரைய விட்டிருக்க மாட்டேனே.”

“ஆமா அண்ணி.”

தூக்கி உட்காரவைக்க நாத்தனார் கையை நீட்டினாள். இருபது வயதில் மருமகளாக வந்ததிலிருந்து அவளுக்குத் தலைவாரி, சோறு போட்டு வளர்த்த அண்ணி அந்தக் கையைப் பார்த்தாள். பிடித்துக்கொள்ளவில்லை.

“வெளியில உங்க அண்ணன் உக்காந்திருக்காரு. அவரைக் கூப்பிடு.”

அவள் போய்க் கூப்பிட்டாள்.