சக்கரக்காரன்

படித்துக்கொண்டிருந்த வாக்கியத்தில் வினைச்சொல் இன்னும் வந்து சேரவில்லை, அதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. டீச்சர் வரியில் ஒரு விரலை வைத்துக்கொண்டே இன்னொரு கையால் கணவரின் முதுகைத் தாங்கிப் பிடித்தாள். அவர் இருமி முடித்து, துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டு தலையணையில் சாய்ந்தார். விரல் வரியிலேயே இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நாவலில் ஒரு தடவை வரியை விட்டுவிட்டால் மறுபடி பிடிப்பது கஷ்டம், கூட்டத்தில் குழந்தையின் கையை விட்ட மாதிரி.

"என்ன சொல்றான் உன் ஆளு?" என்றார்.

"வண்டிய விட்டு இறங்கறாங்க. அதைச் சொல்றதுக்கு அரைப் பக்கம்."

"சுத்தி வளைக்கட்டும் விடு. அந்தக் காலத்துல யாருக்கு என்ன அவசரம்."

குரலில் காற்றுதான் அதிகம் இருந்தது. டீச்சர் என்பது அவர் வைத்த பெயர். டுட்டோரியலில், பள்ளியில் தேறாத பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுக்கிறவள் அவள். அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வீட்டின் முன்னறைதான் பட்டறை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அந்த அறையை ஒருக்களித்துத்தான் கடந்திருக்கிறாள், எப்போதும் யாருடைய ஃப்ரிட்ஜாவது முதுகைக் காட்டிக்கொண்டு குறுக்கே நிற்கும்.

மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு அவள் தபால் வழியில் எம்.ஏ. படித்தாள். பதினெட்டாம் நூற்றாண்டுத் தாள் வந்தபோது அந்த நூற்றாண்டின் மேலேயே எரிச்சல் பட்டாள். பெயர்ச்சொல்லுக்கெல்லாம் பெரிய எழுத்து, கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி. ஒருவனை அயோக்கியன் என்று சொல்வதற்கு முன் நாலு வணக்கம் வைக்கிறார்கள். கதவை இடித்துக்கொண்டு ஆள் வருகிறான், உள்ளே இருக்கிற பெண்ணோ அதைக் கடிதமாக எழுதிக்கொண்டிருக்கிறாள். கதைக்கு நடுவில் ஆசிரியரே எழுந்து வந்து, வாசகரே, களைத்திருந்தால் இங்கே சற்று உட்காரும் என்கிறார். உட்கார நேரம் ஏது? அடுப்பில் பால், வாசலில் கேஸ்காரன். அந்தத் தாளில் தோற்றாள். மறு தேர்வுக்காகப் படித்தபோதுதான், எந்த இடத்தில் என்று தெரியவில்லை, அந்த ஆசிரியரின் பேச்சு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. நாளெல்லாம் பையன்களிடம் கத்தித் தொண்டை வறண்டு வருகிற பெண்ணைச் சற்று உட்காரச் சொல்ல அவர் ஒருத்தர்தான் இருந்தார்.

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய பிறகு, அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நாவலையே மறுபடி படித்தாள். வேறு எதைப் படித்தாலும் மனம் நிற்கவில்லை.

"தனியா சிரிக்கிறியே, எனக்குந்தான் சொல்லேன்" என்றார் ஒருநாள். அப்படித்தான் தொடங்கியது. ஒரு பத்தியை மனத்துக்குள் படிப்பாள், தமிழில் சொல்லுவாள். மூன்று முழ வாக்கியத்தை வெட்டி வெட்டிச் சொல்லும்போது அவளுக்கே பல இடங்கள் புதிதாகப் புரிந்தன.

அவருக்கு மிகவும் பிடித்தது அத்தியாயத் தலைப்பு. இந்த அத்தியாயத்தில் நாயகி தந்தையை இழக்கிறாள், ஒரு நாயைப் பெறுகிறாள் என்று முதலிலேயே போட்டுவிடுவார்கள்.

"இப்படிச் சொல்லிட்டா கதையில என்ன இருக்குனு நான் எரிஞ்சு விழுந்திருக்கேன்" என்றாள்.

"போடி. முதல்லயே சொல்லிட்டா பயம் போயிடுது. அப்புறம் நிதானமா வேடிக்கை பாக்கலாம்."

டாக்டரும் முதலிலேயே சொல்லிவிட்டிருந்தார். அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

சிக்கல் இரண்டாம் பாகத்தில் வந்தது. மழையில் நாயகியின் வண்டிச் சக்கரம் உடைகிறது. சக்கரம் பழுதுபார்க்கிறவன் வருகிறான். சக்கரத்தைக் கழற்றித் தொடையில் சாய்த்துக்கொண்டு ஆரக்கால்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறான். அப்போது ஆசிரியர், இந்த நல்ல மனிதனிடம் பிறகு திரும்பி வருவோம் என்று சொல்லிவிட்டு நாயகி பின்னால் போய்விடுகிறார். அவள் வேறு வண்டி பிடித்துவிட்டாள்.

"அப்போ அவன்?"

"வருவான். இன்னும் நாலு பாகம் இருக்கு."

அன்றைக்கு அசதியில் சொன்னது. பிறகு தினமும் சொல்ல வேண்டி வந்தது. நாயகி சிறைப்பட்டாள், தப்பினாள், அவள் மாமா திருந்தினார். இவருக்கு எதுவும் ஒட்டவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். சக்கரக்காரன் வந்தானா?" என்பார். அந்த ஆசிரியர் அவனிடம் திரும்பவே மாட்டார் என்று டீச்சருக்குத் தெரியும். மறந்துவிட்டார், அவ்வளவுதான். தேர்வுக்குப் படித்தபோது அவளும் கவனிக்கவில்லை.

அவருடைய ஆதங்கம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். முன்னறையில் பேக்கரிக்காரரின் ஃப்ரீஸர் நின்றது. கம்ப்ரஸர் மாற்றி, கேஸ் நிரப்பி, இனி ஓடவிட்டுப் பார்த்துப் பின்மூடியைப் போட வேண்டியதுதான் பாக்கி என்ற மாலையில்தான் அவர் விழுந்தார். கழற்றிய ஸ்குரூக்களை அந்தந்தப் பெட்டியின் தலையில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டு வைப்பது அவர் வழக்கம். டம்ளர் காலியானால்தான் வேலை முடிந்தது என்று கணக்கு. அதனால் அந்த வீட்டில் காபிக்கு எப்போதும் டம்ளர் பஞ்சம். அந்தக் கடைசி டம்ளரை மட்டும் யாரையும் தொட விடவில்லை. "நான் எந்திரிச்சுப் போடறேன்" என்றார். பேக்கரிக்காரரும் இரவல் ஃப்ரீஸரை வைத்து ஓட்டிக்கொண்டு, வாரா வாரம் பன் வாங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இன்று வண்டியை விட்டு இறங்கினால் கல்யாணம், அதோடு புத்தகம் முடிந்தது. அவள் விரலுக்குக் கீழே கொஞ்சம் பக்கங்களே இருந்தன. அவரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"டீச்சர். அவன் இன்னிக்காவது வருவானா?"

ஒரு வாய்த் தமிழ் போதும். கல்யாணத்துக்கு அவனைக் கூப்பிட்டு, சக்கரத்தை மாட்டி, நாயகி கையால் பரிசும் கொடுத்துவிடலாம். இவருக்கு எங்கே இங்கிலீஷ் தெரியப்போகிறது? ஆனால் எத்தனை வீட்டு வாசலில் இந்த மனுஷன் நின்று, இது போச்சுங்க, என்ன பண்ணாலும் ஓடாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்துப் புளுக அவளுக்கு வாய் வரவில்லை.

"இல்லீங்க, வரமாட்டான். எழுதினவரு மறந்துட்டாரு."

அவர் கொஞ்ச நேரம் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார்.

"அப்போ இன்னும் மழையிலதான் உக்காந்திருக்கானா?"

"ஆமா."

"கழட்டின சக்கரத்தோட."

அவள் விரலை வரியிலிருந்து எடுத்தாள்.

"சரி, வை" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

புத்தகத்தை மூடி வைத்தாள். துண்டை அலசிக் காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தபோது அவர் அதே பக்கம்தான் திரும்பியிருந்தார். தோளைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது.

மகன் மறுநாள் காலை பஸ்ஸில் வந்து சேர்ந்தான். எடுத்துப்போகிற வண்டி மத்தியானம்தான் வரும் என்றார்கள். உள்ளறையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் முன்னறையில் ஃப்ரிட்ஜுகளுக்கு நடுவே கிடைத்த இடத்தில் நின்றார்கள். உள்ளறை வாசலில் உட்கார்ந்திருந்த டீச்சர் அழவில்லை. இத்தனை நாள் தூக்கமில்லாத உடம்பு, அழுவதற்கும் தெம்பு வேண்டும் போலிருந்தது. ஒரே ஒரு நினைப்புதான் பல்லில் சிக்கிய நார் மாதிரி இருந்தது. ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன குடியா முழுகிப்போயிருக்கும்? கல்யாணத்துக்கு வந்தான் என்று சொல்லியிருந்தால் அந்த மனுஷன் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாரே.

நாத்தனார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணி, டீ போட்டாச்சு. டம்ளர் பத்தல."

மகன் ஃப்ரீஸர் மேலிருந்த டம்ளரை எடுத்து, ஸ்குரூக்களைக் கொட்ட ஒரு பேப்பரை விரித்தான்.

"அதை வை" என்றாள் டீச்சர்.

"டம்ளர்தானேம்மா."

"வைடா."

பேக்கரிக்காரர் தன் ஃப்ரீஸரின் பக்கத்திலேயே, அதைப் பார்க்காத மாதிரி நின்றிருந்தார். யாரிடமோ மெதுவாகச் சொன்னார். "தங்கமான மனுஷன். ஒரு வேலைய பாதியில விட்டதில்ல." சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. டீச்சரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

டீச்சர் எழுந்தாள். இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு ஃப்ரீஸருக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து பிளக்கைச் செருகினாள்.

"டீச்சரம்மா, அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா" என்றார் பேக்கரிக்காரர்.

"அம்மா, ஆளுங்க இருக்காங்க. இப்ப என்ன இது?"

"டார்ச்ச எடுத்துப் பிடி" என்றாள் மகனிடம்.

இத்தனை வருஷம் டார்ச் பிடித்தது அவள்தான். எங்கே வெளிச்சம் வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. கையைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். சுவிட்சைப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளுக்குள் ஏதோ தொண்டையைச் செருமிக்கொண்டது, கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியது.

ஓடினால் மட்டும் போதாது என்பார் அவர். திரும்பி வர்ற குழாய்ல கை வச்சாச் சில்லுன்னு இருக்கணும், அதுக்கப்புறம்தான் மூடணும். அந்தக் குழாயில் கைவைத்துக்கொண்டு டீச்சர் தரையில் உட்கார்ந்தாள். அறைச் சூடுதான் இருந்தது. காத்திருந்தாள். யாரோ வந்து வண்டி தெரு முனைக்கு வந்துவிட்டது என்று சொன்னார்கள். மகன் டார்ச்சை அணைக்கப் போனான், அவள் அசையாததைப் பார்த்து மறுபடி பிடித்தான். குழாயில் மெல்ல ஈரம் பூத்தது. பிறகு விரல் நுனி குளிர்ந்தது.

"சில்லுன்னு இருக்கு" என்றாள், உள்ளறையில் இருக்கிறவருக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாக.

மூடியை நிறுத்தி ஒவ்வொரு ஸ்குரூவாகப் போட்டாள். ஒன்று மரை பிடிக்கவில்லை. அவர் செய்கிற மாதிரியே கொஞ்சம் பின்னுக்குத் திருப்பி, அது சரிந்து உட்கார்ந்ததும் முன்னுக்குத் திருகினாள். பிடித்துக்கொண்டது. டம்ளரைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை.

ஃப்ரீஸருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தபோது நாத்தனார் அடுக்களை வாசலிலேயே நின்றிருந்தாள். டீச்சர் டம்ளரை அவளிடம் நீட்டினாள்.

"நல்லாத் தேய்ச்சுக் கழுவு. எண்ணெய் வாசம் இருக்கும்."

நாத்தனார் கைநீட்டிப் பிடித்தாள். டீச்சரின் கை அதை உடனே விடவில்லை.