கடல் அனுப்பிய வெள்ளைச் சிறகு

“கடலே இல்லாத ஊர்ல கடற்காக்கை எங்க இருந்து வரும்? கனாக் கண்டிருப்பே.”

“கனாவா? அந்தா பாருங்க மச்சான், மலைக்கு மேல. வெள்ளை உடம்பு, றெக்கை ஓரமெல்லாம் கறுப்பு. எங்க கீழக்கரையில பறவை பேரு தெரியணும்னா எங்கிட்டத்தான் வருவாக.”

ஜெய்தூன் மொட்டை மாடிச் சுவரில் சாய்ந்து கையை நீட்டிக் காட்டினாள். அவள் புருஷன் அப்துல் வாஹித் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடித்த கையோடு மாடி ஏறி வந்திருந்தான். மற்ற நாட்களில் விடியுமுன் தோல் பதனிடும் ஷாப்புக்குப் போய் இருட்டிய பிறகு வருகிறவனுக்கு நாகல் நகர் வானத்தை அண்ணாந்து பார்க்க ஏது நேரம்?

கல்யாணமாகி திண்டுக்கல்லுக்கு வந்த புதிதில் அவளுக்கு அந்த வானம் பிடிக்கவே இல்லை. வேப்பமரத்தில் தவிட்டுக்குருவிகள் நாள் முழுக்கச் சண்டை போட்டன. கொண்டலாத்தி ஒன்று கொண்டையை விரிப்பதும் மடக்குவதுமாக முற்றத்தில் புழு தேடியது. அழகான பறவைகள்தாம். ஆனால் ஒன்றுக்கும் அவளைத் தெரியாது. வாப்பா பார்க்க வரும்போது அவரோடு ஊருக்குப் போய்விடுவது, திரும்பி வருவதில்லை என்று முடிவு கட்டி, வாஹித்திடமும் சொல்லியிருந்தாள்.

அப்போதுதான் ஒரு உச்சிவேளையில் மலையைச் சுற்றி அந்த வெள்ளைச் சிறகுகள் மிதந்தன. கடல் அவளைத் தேடி ஆள் அனுப்பிவிட்டது! சிறகை அசைக்காமலே வட்டமடிக்கிறதே என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. உப்புக்காற்று இல்லாத ஊரில் அதுவும் வேறு மாதிரிப் பறக்கப் பழகியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அன்றிலிருந்து ஊருக்குப் போகிற பேச்சையே எடுக்கவில்லை.

வாஹித் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். பிறகு பூரித்துப்போயிருந்த அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் கேலிச் சிரிப்பு அடங்கியது.

“ஆமா. கடற்காக்காதான்.”

“பொய். பொய் சொன்னா ஒங்க காது செவந்துரும்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “அது வெள்ளைக் கழுகு புள்ள. நம்ம ஷாப்புல தோல்ல இருந்து சவ்வை வழிச்சுக் கொட்டுற இடத்துக்குத் தெனமும் வரும். அழுகினதைத் திங்கிறது.”

ஜெய்தூன் வானத்தைப் பார்த்தபடியே நின்றாள். தினமும் வாசலிலேயே சட்டையைக் கழற்றி, வாளி வாளியாக ஊற்றிக் குளித்து, அத்தர் பூசி இந்த மனுஷன் மறைக்கிற அந்த இடத்தில் இருந்தா அது வந்தது?

“கிட்டக்க வருமா?”

“காலுக்குள்ளயே நடக்கும். மஞ்ச மூஞ்சி. எங்க மொதலாளி நடை.” முதுகை லேசாகக் கூனி, விறைப்பாக இரண்டு எட்டு நடந்து காட்டினான். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஒண்ணுக்குக் கால் சரியில்ல. மத்ததுக கொத்தி வெரட்டும். அதுக்குன்னு ஒரு துண்டு ஒதுக்கி வைப்பேன். என் சத்தம் கேட்டா சுண்ணாம்புக் குழிக்குப் பின்னால இருந்து தத்தித் தத்தி வரும்.”

சட்டென்று நிறுத்திவிட்டான். தன் வேலையைப் பற்றி அவன் அவளிடம் பேசியது இதுதான் முதல் தடவை.

“ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?”

“அந்த நாத்தத்தை வீட்டுக்குள்ள கொண்டாரணுமா?” என்றவன், மெதுவாகக் கேட்டான். “அடுத்த வாரம் வாப்பா வந்தா கூடவே போயிருவே, இல்ல?”

கழுகு மலைக்குப் பின்னால் சரிந்து இறங்கியது. ஜெய்தூன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“பொம்பளைக அங்க போறதில்லைன்னு தெரியும். இருந்தாலும் கேக்குறேன். அந்தக் கால் சரியில்லாததை நான் பாக்கணும். ஒரு தடவை என்னையும் அங்க கூட்டிட்டுப் போங்களேன், மச்சான்?”