எர்மெலிந்தா என்ற பெயரின் புதிய இருப்பிடம்

அண்டை நாடான கோஸ்தாரிக்காவில் கட்டட வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய தானிலோ, பேருந்து நிலையத்தில் காத்து நின்ற தன் தாய் எர்மெலிந்தா பொத்தோயைக் கடந்து சென்று, தன்னைவிட இளையவளான யஹோஸ்கா உர்ரோஸைக் கட்டிக்கொண்டு அம்மா என்று அழுதான். ஊரார் இதில் வியக்கவில்லை. ஓய்வூதிய அலுவலகக் கணினிகளில் செய்யப்பட்ட திருத்தம் ஒன்று முறைப்படி வேலை செய்திருந்தது, அவ்வளவே.

முன்பு அங்கே ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் இருந்தது. மழைக்காலத்தில் கூரை ஒழுகும். மேசைகள் இடம் மாறும். எண்களும் மாறிப்போக, கிளைகள் அனுப்பிய கோப்புகள் ஆளில்லாத கணினிகளுக்குப் போய்ச் சேரும். கணினிகளைப் பராமரித்த எவாரிஸ்தோ, எண்களை மறந்துவிடச் சொன்னான். எதிரே அமர்பவரின் பெயரையே ஒவ்வொரு கணினிக்கும் சூட்டினான். எந்தப் பெயர் இன்று எங்கே இருக்கிறது என்று கேட்போருக்கெல்லாம் பதில் சொல்லத் தனியாக ஒரு கணினியை நிறுத்தினான். எரிந்துபோன திரையரங்கிலிருந்து ஏரிப் பக்கம் இரண்டு தெரு என்று விலாசம் சொல்லும் ஊர் அது. எந்த வீட்டுக்கும் எண் கிடையாது. ஆகவே அந்த ஏற்பாடு அலுவலகச் சுவர்களைத் தாண்டி ஊருக்குள்ளும் பரவிற்று. யாரை நினைத்துக் கிளம்பினாலும் கால்கள் தாமாகவே அவர் வாசலில் போய் நின்றன.

இயக்குநர் தோன் ஃபுல்ஹென்சியோ உர்ரோஸ், தம்முடைய படம் பொறித்த சட்டையை ஊழியர் அனைவரும் அணிந்து ஊர்வலம் வர வேண்டும் என்றார். அங்கே வேலை பார்த்த எர்மெலிந்தா நாற்காலியை விட்டு எழவில்லை. அவள் நீக்கப்பட்டாள், அவள் இடத்துக்கு இயக்குநரின் அண்ணன் மகள் யஹோஸ்கா வந்தாள். கிளைகளுக்குப் பழகிய பெயரை மாற்றுவானேன் என்று, எர்மெலிந்தா என்ற பெயரையே யஹோஸ்காவின் கணினிப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அன்று நண்பகலுக்குள் பாதிரியாரும் ரொட்டிக்காரியும் யஹோஸ்காவை மரியாதையாக "தோன்யா எர்மெலிந்தா" என்று அழைத்து நலம் விசாரித்தார்கள்.

உண்மையான எர்மெலிந்தா எவாரிஸ்தோவைத் தேடிப் போனாள். அவன் ஒருவனுக்குத்தான் இன்னும் எண்கள் நினைவிருந்தன. அவளை அடையாளமும் தெரிந்தது.

"என் புள்ள வரான்யா. ஒரு வாரம் மட்டும் பழையபடி திருப்பி வுடு."

"பேரு அதே பேருதான் தோன்யா. பின்னாடி ஆளு மட்டும் மாறிருக்கு. கேக்கறவனுக்கு ஒண்ணுமே தெரியாது, அதான் இதோட அழகே."

"அழகாம் அழகு! உங்கம்மாவுக்கு இப்படிப் பண்ணுவியாடா?"

"மெதுவாப் பேசுங்க. இதுல கை வச்சேன்னா, நாளைக்கு எங்கம்மாவே என்னை யாருன்னு கேப்பா."

அவன் கை வைக்கவில்லை. தானிலோ யஹோஸ்காவின் வீட்டிலேயே தங்கி, தாய்க்கென்று சேர்த்த பணத்தில் அவளுக்குப் புதுக் கூரை போட்டுக் கொடுத்தான். அதன் பிறகு அந்த அலுவலகம் இரண்டு இயக்குநர்களைக் கண்டது. தனிக் கணினியிலிருந்த பெயர்ப் பட்டியலை யாரும் தொடவில்லை.

ஒவ்வொரு டிசம்பரிலும் மாதாவுக்குப் பீடம் அலங்கரித்து, வாசலில் வந்து பாடுவோருக்குக் கரும்பும் இனிப்பும் தருவது வழக்கம். யஹோஸ்காவின் வாசலில் எர்மெலிந்தாவும் வரிசையில் நின்று பாடினாள்.

"எந்தத் தெரு தாயி நீங்க? பேரு என்ன?" என்று கேட்டான் தானிலோ.

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரு ஞாபகமில்லையா? சரி சரி, பாவம்," என்று இன்னொரு துண்டு கரும்பை அவள் பையில் வைத்தான். பின்னால் நின்றவர்கள் முனகவே, அவள் நகர்ந்து வழிவிட்டாள்.